தேயாத மூன்றாம் பிறை

அட்சய திருதியை நெருங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா நகைக்கடைகளில் கூட்டம் கூடிவிடும். ஆனால், அந்தப் பெயரில் தங்கம் எங்கே இருக்கிறது?

'க்ஷயம்' என்றால் தேய்வு. உடலைத் தேயவைக்கும் காசநோயை நம் பெரியவர்கள் சயரோகம் என்றது அதனால்தான். தேய்வில்லாதது 'அட்சயம்'. 'திருதியை' என்றால் மூன்றாவது. வளர்பிறையின் மூன்றாம் திதி. நிலவு சூரியனைவிட்டு 24 பாகை விலகும்போது தொடங்கி, 36 பாகையில் முடிகிறது. பெரும்பாலும் சித்திரையில் வரும்.

மகாபாரதத்தில் வனவாசம் போன தருமருக்குச் சூரியன் கொடுத்தது அட்சய பாத்திரம். அதில் வற்றாமல் வந்தது சோறுதான். சமணர்களோ, நெடுநாள் நோன்பிருந்த ரிஷபதேவருக்குக் கரும்புச்சாறு கிடைத்த நாளாக இதைக் கொண்டாடுகிறார்கள். இரண்டு கதையிலும் பெருமை கொடுத்த கைக்கே.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த என் தங்கை, "அக்கா, கார்டுல ஒரு பவுன் வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"கார்டு கடனைக் கட்டாம விட்டா வருஷத்துக்கு 18 விழுக்காடு வரைக்கும் வட்டி. உனக்குத் தேயாம வளரப்போறது அதுதான்" என்றேன்.

கையில் காசிருந்தால் தங்கம் வாங்குங்கள், தவறில்லை. இல்லையென்றால் பசித்த ஒருவருக்கு ஒருவேளைச் சோறு போடுங்கள். அந்தப் பெயருக்கு அதுவே பொருத்தம்.