தொட்டிக்குள் ஒரு புயல்

மயிலாப்பூரில் மொட்டைமாடிக்கு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகவே ஏறுவார்கள். வடாம் பிழிவதற்கு ஏறுவார்கள். துணி உலர்த்துவதற்கு ஏறுவார்கள். அறுபத்துமூவர் உற்சவத்தன்று கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதற்கு ஏறுவார்கள். மாட வீதிக்கு அருகில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர் மட்டும் நான்காவது காரியம் ஒன்றிற்காகத் தினந்தோறும் இருமுறை ஏறுகிறார். ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு மரத்தைப் பார்த்து வருவதற்காகத்தான்!

சென்ற வாரம் நம்மையும் அவர் அழைத்துப் போனார். ஆழமில்லாத அகன்ற மண் தொட்டி. அதில் ஒரு சிறு விருட்சம். அடிமரம் முறுக்கிக்கொண்டு மேற்கே சாய்ந்திருந்தது. கிழக்குப் பக்கத்தில் பெயருக்குக்கூட ஒரு கிளை இல்லை. மேற்கே மட்டும் மெல்லிய பச்சை இழைகள் பறந்துகொண்டிருந்தன. உச்சியோ பட்டை உரிந்து, எலும்பைப் போல வெளுத்துக் கிடந்தது. காற்றே வீசாத அந்த நடுப்பகலில், அந்தத் தொட்டிக்குள் மட்டும் புயல் அடிப்பதாக நமக்குத் தோன்றியது.

"இமயமலையிலிருந்து வந்ததோ?" என்று கேட்டோம்.

"இல்லை ஸார், திருவான்மியூர்ப் பக்கத்து மணலிலிருந்து வந்தது. சவுக்கு!" என்றார் நண்பர்.

தொட்டியில் மரத்தைக் குறுக்கி வளர்க்கும் இக்கலை சீன தேசத்தில் தோன்றியது. ஜப்பானியர் அதைப் 'பொன்ஸாய்' என்று பெயரிட்டுப் பேணினர். 1923-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற்குப் பிறகு, டோக்கியோ நகரத்து மர வளர்ப்பாளர் பலர் ஓமியா என்னும் இடத்தில் குடியேறி, 1925-இல் இதற்கென்றே ஒரு கிராமத்தை அமைத்தார்கள் என்றால், அவர்களுடைய ஈடுபாட்டைப் பற்றி வேறென்ன சொல்ல வேண்டும்?

இக்கலைஞர்கள் மிகவும் விரும்புவது பைன் முதலிய ஊசியிலை மரங்களை. காரணம் இல்லாமலில்லை. பனி மூடும் சிகரங்களில் நிற்கும் மரத்தைப் பாருங்கள். பனியின் பாரத்தால் கிளைகள் கீழ்நோக்கித் தாழ்கின்றன. காற்று வரும் திசையில் மொட்டுக்கள் கருகிப் போவதால், மறுபக்கத்தில் மட்டுமே கிளைகள் தழைக்கின்றன. இடி விழுந்து உச்சி பட்டுப்போகிறது. ஆனால் பிசின் நிறைந்த கட்டை எளிதில் மக்குவதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மலைகளில் 4,800 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பைன் மரம் ஒன்று இருக்கிறது. அந்த இனத்துக் கிழமரங்களில் பல, உடலின் பெரும்பகுதி பட்டுப்போன பிறகும், வேருக்கும் கிளைக்கும் இடையே ஓடும் ஒரு பட்டை வாரைப் பற்றிக்கொண்டு உயிர் வாழ்கின்றன. இயற்கை ஆயிரம் ஆண்டுகளில் எழுதும் இந்தச் சரித்திரத்தைக் கம்பியாலும் கத்தரியாலும் சில ஆண்டுகளில் எழுத முயல்வதே இந்த வித்தை.

நம் நண்பரும் முதலில் பைன் மரத்தையே நாடினார். மலைப் பிரதேசம் ஒன்றிலிருந்து கன்று வாங்கி, ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். கார்த்திகையும் மார்கழியும் செழிப்பாகத்தான் போயின. அக்கினி நட்சத்திரம் பிறந்தது, ஊசிகள் பழுத்தன. இதில் விசேஷம் என்னவென்றால், ஊசியிலை மரம் செத்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். பழுப்பைப் பார்த்து நண்பர் பதறிய அன்று, மரம் உயிர் விட்டுப் பல நாட்கள் ஆகியிருந்தன. குளிர்நாட்டு மரத்துக்குக் குளிர்காலத்து உறக்கம் தேவை. சென்னையில் அதற்கு எங்கே போவது?

அப்போதுதான் அவர் சவுக்கைக் கண்டார். சவுக்கு உண்மையில் ஊசியிலை மரமன்று. பூக்கும் தாவர வர்க்கத்தைச் சேர்ந்தது. ஊசிகளாக நாம் காண்பவை மெல்லிய கிளைகளே. அவற்றின் கணுக்களில் கண்ணுக்குத் தெரியாத செதில்களாக இருப்பவைதாம் இலைகள். ஆயினும் தோற்றத்தில் பைன் மரத்துக்குத் தம்பி. வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அஞ்சாத தம்பி. பந்தற்காலுக்கும் சாரத்துக்கும் அடுப்புக்கும் மட்டுமே ஏற்றது என்று நாம் நினைத்திருந்த மரத்துக்கு இப்படி ஒரு பதவி!

இளங்கிளையில் கம்பியைச் சாய்வாகச் சுற்றி, சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். முற்றிய கிளை படீரென்று முறியும். நம் ஊர் வெயிலில் சவுக்கு விரைந்து பருப்பதால், கம்பி பட்டைக்குள் புதைவதற்கு முன்பே அவிழ்த்துவிட வேண்டும். இவ்வாறு ஆறு வருஷம் பாடுபட்டு, நேராக நிமிர்ந்த அழகான மரம் ஒன்றை நண்பர் உருவாக்கினார்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி 'வர்தா' புயல் வந்தது. நகரமெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மாடியில் தொட்டி உருண்டு உடைந்தது. சவுக்கின் உச்சி முறிந்தது. கிழக்குப் பக்கத்துக் கிளைகள் யாவும் பிய்ந்தன.

"தெருவெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது. நீங்கள் இதற்குப் போய் உட்கார்ந்து அழுகிறீர்களே! தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்றாராம் அவருடைய மனைவி.

நண்பர் போடவில்லை. வேரை ஈரச் சாக்கில் சுற்றி, வேறு தொட்டியில் வைத்து, நிழலில் நிறுத்தினார். கத்தியைத் தொடவுமில்லை. தளிர் விடும்வரை, எது உயிர், எது கட்டை என்று தெரியாதல்லவா? அவசரப்பட்டுச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால், உணவு இறங்கும் வழி அடைபட்டு மரம் மடியும். பங்குனியில் மேற்குக் கிளையில் தளிர் தோன்றியது. அதன் பிறகே, செத்த உச்சியின் பட்டையை உரித்து, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைப் பூசினார். அது கட்டையை வெளுக்கச் செய்வதோடு, மக்காமலும் காக்கும்.

"அந்நிய தேசத்துப் பனியைப் பார்த்து நான் வரைய நினைத்தேன். நம் ஊர்ப் புயலே வந்து வரைந்துவிட்டுப் போயிற்று" என்றார்.

மரத்தை இப்படிக் கம்பியால் கட்டி வதைப்பது பாவமில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். மாமிதான் பதில் சொன்னார்: "மரத்தையா கட்டியிருக்கிறது? சித்திரை மாதத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியூர் போய்ப் பத்து வருஷமாகிறது. பெண் டில்லியில் இருக்கிறாள். ஒருவர் போனால் ஒருவர் இங்கே காவல்!"

வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. ஒருநாள் தண்ணீர் தவறினால் கோடையில் எல்லாம் முடிந்தது. வாஷிங்டன் நகரத்துப் பொன்ஸாய்க் காட்சிசாலையில் ஜப்பானியப் பைன் ஒன்று இருக்கிறது. 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்வதாகச் சொல்வார்கள். யமாகி குடும்பத்தாருடைய அந்த மரம், 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, அவ்வூரில் மதிற்சுவரின் மறைவில் நின்று பிழைத்தது. குண்டு போட்ட தேசத்துக்கே 1976-இல் அதைப் பரிசாக அளித்தார்கள். அது பிழைத்த கதையோ, 2001-இல் அக்குடும்பத்துப் பேரர்கள் தேடிக்கொண்டு வந்தபோதுதான் காட்சிசாலையாருக்குத் தெரிந்தது! எத்தனை தலைமுறைக் கைகள் அதற்குத் தண்ணீர் வார்த்திருக்கும்!

நம் நண்பருக்கு வயது எழுபத்திரண்டு. தமக்குப் பிறகு இந்த மரம் யாருடையது என்பதே அவருடைய கவலை. அதைப் பற்றி நாம் வாய் திறக்கவில்லை. விடைபெற்று மாடிப்படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தோம். 'தூக்கிப் போடுங்கள்' என்று சொன்ன அந்த அம்மாள், பூவாளியைச் சாய்த்து, வெளுத்த கட்டையின் மேல் படாதபடி, வேரடியில் மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.