நேற்றுப் பாஸான வான்

"மாமா, பன்னிரண்டு மாத எம்.ஓ.ரி. கிடக்கு. நேற்றுத்தான் பாஸ் பண்ணினதாம்."

அக்காவின் மகன் கைபேசியை என் முன்னால் நீட்டினான். வெள்ளை நிற டீசல் வான், 2017ஆம் ஆண்டுப் பதிவு, ஓடியது 86,000 மைல். கிழக்கு லண்டனில் உள்ள தமிழ்க் கடைகளுக்குக் காய்கறி விநியோகிக்கும் தொழிலைத் தொடங்கப் போகிறான். இரண்டு வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசு கையில் இருக்கிறது. விற்பவர் பின்னேரத்துக்குள் முற்பணம் கேட்கிறாராம்.

நம்பர் பிளேட்டை மட்டும் சொல்லச் சொன்னேன். அரசாங்க இணையத்தளத்தில் எம்.ஓ.ரி. வரலாறு பார்க்கும் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைத் தட்டினேன். இதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு முழுவதும் திரையில் வந்தது. புதியது மேலே, பழையது கீழே. நான் கீழே இருந்து மேலே வாசித்தேன். 2020: 48,200 மைல். 2021: 71,650. 2022: 95,030. 2023: 118,400. அதற்கு மேலே, நேற்றைய சோதனை: 86,112.

அவனுடைய விரல் அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டது. யாரோ மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியிருக்கிறார்கள். நேற்றைய பாஸ் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது நேற்றைய நிலையை மட்டுமே சொல்லும். வானின் கதை அதற்கு முந்தைய வரிகளில் இருக்கிறது.

வண்டி வீதியில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் இந்த வருடாந்தச் சோதனை பிரித்தானியாவில் 1960இல் தொடங்கியது. போக்குவரத்து அமைச்சின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளே எம்.ஓ.ரி. ஆயின. ஆரம்பத்தில் பத்து வயது கடந்த வண்டிகளுக்கு மட்டும் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் பார்த்தார்கள். 1967 முதல் மூன்று வயதானாலே சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றானது. வட அயர்லாந்தில் மட்டும் கார்களுக்கு நான்கு வயது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2005 முதலான முடிவுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். எப்போது பாஸ், எப்போது ஃபெயில், எதனால் ஃபெயில், அன்று மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதெல்லாம் அங்கே உண்டு. லொக் புக் எனப்படும் வண்டிப் பதிவு ஆவணத்தில் உள்ள 11 இலக்க எண்ணையும் கொடுத்தால் எந்தக் கராஜில் சோதித்தார்கள் என்பதும் தெரியும். லொக் புக்கைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பவுண் கூடக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மைல் கணக்கில் ஓர் ஒழுங்கு இருக்கும். விநியோக வான் ஒன்று வருடம் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் மைல் ஓடினால் பயப்பட ஒன்றுமில்லை. அது உழைத்த வண்டி. எண் திடீரென்று இறங்கியிருந்தால் அடுத்த வருடத்தையும் பாருங்கள். அடுத்த வருடம் பழைய ஒழுங்குக்கே திரும்பியிருந்தால், சோதித்தவர் ஓர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டியிருக்கலாம். இறங்கிய எண் இறங்கியபடியே தொடர்ந்தால் விலகிவிடுங்கள். இடையில் ஒரு வருடம் பதிவே இல்லையென்றால் வான் எங்கே நின்றது என்று கேளுங்கள். 2020இல் மட்டும் ஒரு விலக்கு உண்டு. அந்த ஆண்டு மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை முடியவிருந்த எம்.ஓ.ரி.களுக்குக் கொரோனாவால் ஆறு மாதம் நீட்டிப்புக் கொடுத்தார்கள்.

அடுத்தது குறைகள். 2018 மே 20 முதல் குறைகளைத் தரம் பிரித்து எழுதுகிறார்கள். ஆபத்தான குறை, பெரிய குறை இரண்டும் ஃபெயில். சிறிய குறையோடும் 'அட்வைசரி' எனப்படும் எச்சரிக்கைக் குறிப்போடும் வண்டி பாஸாகும். பலர் இந்த அட்வைசரிகளை வாசிப்பதே இல்லை. நான் அவற்றைத்தான் முதலில் வாசிப்பேன். பின்பக்க பிரேக் குழாயில் துரு என்று ஒரு வருடம் எழுதியிருக்கிறது. அடுத்த வருடமும் அதே வரி. அதற்கடுத்த வருடமும் அதே வரி. மூன்று முறை சொல்லியும் பிரேக் குழாயைப் பார்க்காதவர், இன்ஜின் ஒயிலை மட்டும் தவணை தவறாமல் மாற்றியிருப்பாரா?

மாறாக, ஒரு வருடம் ஃபெயிலாகி, சில நாள் கழித்துப் பாஸாகி, பிறகு அந்தக் குறை எங்குமே திரும்பி வராத வானைக் கண்டு ஒதுங்க வேண்டாம். அதை வைத்திருந்தவர் காசு செலவழித்துத் திருத்தியிருக்கிறார். துருவில் மட்டும் இன்னும் கவனம் தேவை. இங்கே குளிர்காலத்தில் வீதியெல்லாம் உப்புப் போடுகிறார்கள். அது வண்டியின் அடிப்பகுதியை அரிக்கும். போன வருடம் வரை துரு என்று எழுதியிருந்தது இந்த வருடம் காணாமல் போய், அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சும் தெரிந்தால், வெல்டிங் செய்த ரசீதைக் கேளுங்கள்.

டீசல் வானுக்கென்று தனியாக ஒரு நோய் உண்டு. அது வரும் இடம் டி.பி.எஃப்., புகையிலுள்ள கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு நல்ல சூடு தேவை. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால் அந்தச் சூடு கிடைக்கும். கடைக்குக் கடை நின்று நின்று ஓடும் வானுக்குக் கிடைக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புதிதாக மாற்றப் பெருஞ்செலவு என்பதால், சிலர் உறையை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வானை வீதியில் ஓட்டுவது குற்றம். தண்டம் 2,500 பவுண் வரை போகலாம். வடிகட்டி இருக்கிறதா என்று 2014 முதல் எம்.ஓ.ரி.யில் பார்க்கிறார்கள். ஆனால் கண்ணால் பார்ப்பதோடு சரி. உறை அப்படியே இருந்தால் உள்ளே இருப்பது தெரியாமல் போகலாம்.

நான் அப்படித்தான் அகப்பட்டேன். புதுச் சான்றிதழைப் பார்த்து வாங்கிய வான் மறு வருடமே புகைச் சோதனையில் தோற்றது. திருத்த 1,800 பவுண் போனது. மூன்று வாரம் வேலையும் போனது. நான் வாங்குவதற்கு முந்தைய வருடமே புகையால் ஃபெயிலாகி அன்றைக்கே பாஸானதாகப் பதிவில் இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்ஜின் சூடேறுவதற்கு முன் ஒரு வெள்ளைக் கடதாசியால் புகைக்குழாயின் உள்வாயைத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நன்றாக வேலை செய்யும் வானில் கடதாசி பெரும்பாலும் சுத்தமாக வரும். மையைப் போலக் கரி ஒட்டிக்கொண்டு வந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்குள் ஓடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 ஓகஸ்ட் 29 முதல், புகைத் தரம் குறைந்த வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் வலயம் நகரின் எல்லா உள்ளாட்சிப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. டீசல் வான் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லையென்றால் நாளுக்கு 12.50 பவுண். வாரம் ஆறு நாள் ஓடினால் வருடத்துக்கு 3,900 பவுண். 2016 செப்ரெம்பருக்குப் பிறகு பதிவான வான்கள் பொதுவாகத் தப்பிவிடும். ஆனாலும் நம்பர் பிளேட்டைக் கொடுத்து உறுதிசெய்வதே நல்லது.

இவ்வளவும் பார்த்த பிறகும் பதிவு சொல்லாதவை உண்டு. எம்.ஓ.ரி.யில் இன்ஜின், கிளச், கியர்பொக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பதில்லை. வானின் மீது கடன் நிலுவை இருக்கிறதா என்பதும் அதில் வராது. அதற்குத் தனியாகக் காசு கட்டிப் பார்க்க வேண்டும். தொழிலுக்கென்று வாங்குபவருக்கு, நுகர்வோருக்கு உள்ள 30 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் கிடையாது. வாங்கிய பின் சண்டை பிடிப்பது கடினம். அதனால் வாங்குமுன் செலவழிக்கும் பத்து நிமிடத்துக்கு அவ்வளவு பெறுமதி இருக்கிறது.

அன்று மருமகன் விற்பவரை அழைத்து, 118,400 மைல் எப்படிக் குறைந்தது என்று மரியாதையாகத்தான் கேட்டான். மறுமுனையில் தொடர்பு துண்டிக்கப்பட்டது.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு வானோடு வந்தான். 131,000 மைல் ஓடியது. பக்கத்தில் ஒரு நெளிவு. கைபேசியைத் திறந்து, இந்த முறை அவனே கீழிருந்து வாசித்தான்.

"2022இல பிரேக் குழாயால ஃபெயில், மாமா. நாலு நாளில பாஸ். பிறகு அந்த வரி ஒரு இடத்திலயும் இல்லை. இந்த மனுசன் வண்டியைப் பார்த்திருக்கிறார்."

"சரி, கடதாசி ஒன்று எடு. போய்ப் பார்ப்பம்" என்றேன்.