கப்ரேகர் கண்ட எண்

புனே நகரின் பெர்குசன் கல்லூரியில் பயின்றவர் கணித அறிஞர் கப்ரேகர். மாணவப் பருவத்திலேயே, 1927இல், ராங்ளர் பராஞ்சபே கணிதப் பரிசைப் பெற்றார். பின்னர் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியரானார். முதுகலைப் பட்டம் இல்லாத அவருடைய ஆய்வுகளை வெறும் எண் விளையாட்டு என ஒதுக்கினோர் பலர்.

அவ்விளையாட்டுள் ஒன்றைக் காண்போம். 142857 என்னும் எண்ணின் வர்க்கம் 20408122449. இதன் வலப்புற ஆறு இலக்கங்களைப் பிரித்து, எஞ்சியதோடு கூட்டுக: 20408 + 122449 = 142857. தொடங்கிய எண்ணே மீண்டும் வந்துவிட்டது! 297, 703 முதலியனவும் இத்தகையவே; 297இன் வர்க்கம் 88209; 88 + 209 = 297. இவை கப்ரேகர் எண்கள் எனப்படும்.

இது தற்செயலன்று. வர்க்கத்திலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் எஞ்சுவது 142857 × 142856. இதில் 142856 என்பது 7 × 20408. அந்த 7ஐ 142857உடன் பெருக்கினால் 999999 கிடைக்கும். ஆகவே எஞ்சியது 999999 × 20408. அதாவது, 20408 பத்து இலட்சங்களுக்கு 20408 குறைவு. முன்பு கழித்த 142857ஐ மீண்டும் சேர்க்கும்போது, அதில் 20408 அக்குறையை நிரப்புகிறது. மீதமுள்ள 122449 வலப்புறத்தில் அமர்கிறது.

1975இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பின்னரே கப்ரேகரை உலகம் பரவலாக அறிந்தது. அப்போது அவருக்கு வயது 70.