பொற்கழுகுப் பார்ப்புகள்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்கே, கினி வளைகுடாவை ஒட்டி, நைஜர் என்னும் பேராறு பாய்ந்து வளஞ்செய்யும் நாடு நைஜீரியா. ஆற்றின் பெயரே நாட்டிற்கும் பெயராயிற்று. இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்கின்றனர். ஐந்நூறு மொழிகளுக்கு மேல் அவர்தம் நாவில் வழங்குகின்றன. அவற்றுள் ஹௌசா, யொருபா, இக்போ என்னும் மூன்றும் பெருவழக்குடையன. ஆங்கிலேயர் ஆட்சியினின்றும் 1960-ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற அந்நாடு, 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போரால் பெரிதும் துன்புற்றது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டு நிற்கும் அம்மக்கள் ஒருங்கே கூடி ஆரவாரிக்கும் நேரங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று, தம் நாட்டு இளைஞர் பிறநாட்டாரோடு காற்பந்தாடும் நேரம்.

அந்நாட்டின் ஆடவர் காற்பந்து அணிகள் கழுகின் பெயரால் வழங்கப்பெறுகின்றன. முதியோர் அணிக்கு மீக்கழுகுகள் என்பது பெயர். இருபது வயதிற்குட்பட்டோர் அணிக்குப் பறக்கும் கழுகுகள் என்பது பெயர். பதினேழு வயதிற்குட்பட்ட சிறுவர் அணியைப் பொற்கழுகுக் குஞ்சுகள் என அழைக்கின்றனர். பறவையின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துரைத்தார். ஆதலின் இவர்களைப் பொற்கழுகுப் பார்ப்புகள் என நாம் கூறின் பிழையாகாது.

உலக நாடுகளின் சிறுவர் அணிகளுக்கென ஒரு போட்டியை அனைத்துலகக் காற்பந்துக் கழகம் 1985-ஆம் ஆண்டு சீன நாட்டில் தொடங்கி வைத்தது. முதல் மூன்று போட்டிகளும் பதினாறு வயதிற்குட்பட்டோர்க்கு உரியனவாக இருந்தன. 1991 முதல் வயதெல்லை பதினேழாயிற்று. போட்டி நிகழும் ஆண்டிற்குப் பதினேழு ஆண்டுகள் முன்வந்த ஜனவரித் திங்கள் முதல் நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவரே ஆடுதற்குரியர். இவ்விதியினின்றும் ஓர் உண்மை புலப்படும். முதியோர் அணியில் ஒரே வீரர் பத்தாண்டுகள் நிலைத்திருத்தல் கூடும். சிறுவர் அணியிலோ ஒருவர் ஒரு முறை ஆடுவார். அரிதாக இரு முறை ஆடுவார். பின்னர் அவ்வணி அவருக்குரியதன்று. ஆகவே ஒரு நாடு இப்போட்டியில் ஐந்து முறை வென்றதென்றால், வென்றது ஓரணி அன்று. ஐந்து வேறு தலைமுறைச் சிறுவர்கள் வென்றனர் என்பதே பொருள். நைஜீரியா 1985, 1993, 2007, 2013, 2015 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அவ்வாறு வென்றது. நான்கு முறை வென்ற பிரேசிலும் அதற்கு அடுத்த நிலையிலேயே உள்ளது.

முதற் போட்டியிற் பங்குகொள்ளச் சீனம் சென்ற நைஜீரியச் சிறுவர்களை வெற்றிக்குரியவராக எவரும் கருதினாரல்லர். செபாஸ்டியன் பிராட்ரிக் இமாசுவென் என்பார் அவர்களுக்குப் பயிற்சியாளர். நடுகா உக்பாடே என்னும் இளைஞர் தலைவர். பெய்ஜிங் நகரில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் அவர்கள் மேற்கு ஜெர்மனியை எதிர்த்தனர். ஜானதன் அக்போபோரி, விக்டர் இக்பினோபா ஆகிய இருவரும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். ஜெர்மானியர் ஒன்றும் அடித்திலர். அனைத்துலகக் கழகம் நடத்தும் உலகப் போட்டியொன்றில் ஆப்பிரிக்க நாடு ஒன்று வெற்றிக் கோப்பையை ஏந்தியது அதுவே முதன்முறை. இரண்டாண்டு கழித்து, 1987-இல், கனடாவில் நைஜீரியா மீண்டும் இறுதியாட்டத்தை எய்தியது. சோவியத்து நாட்டோடு 1-1 எனச் சமமாக நின்று, பெனால்டி உதைகளில் தோற்றது.

உக்பாடேயைப் பற்றி இங்கே சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். 1989-ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் இருபது வயதிற்குட்பட்டோர் உலகப் போட்டி நடந்தது. அதில் தம்மாம் நகரில் நைஜீரியாவும் சோவியத்து நாடும் காலிறுதியிற் பொருதன. ஆட்டம் பாதியைக் கடந்து ஒரு மணி நேரத்தை நெருங்கிய போது, சோவியத்து அணி நான்கு கோல்கள் முன்னணியில் இருந்தது. நைஜீரியாவின் கணக்கில் ஒன்றுமில்லை. அந்நிலையில் 61-ஆம் நிமிடத்திலே ஒரு கோல். 75-ஆம் நிமிடத்திலே மற்றொன்று. 83-ஆம் நிமிடத்திலே மூன்றாவது. அடுத்த நிமிடத்திலேயே உக்பாடே நான்காவது கோலை அடித்துக் கணக்கைச் சமன் செய்தார். பின் நிகழ்ந்த பெனால்டி உதைகளில் நைஜீரியா 5-3 என வென்றது. அதனை இன்றளவும் அந்நாட்டார் தம்மாம் அற்புதம் என்றே வழங்குவர். அற்புதம் என்னும் சொல்லை இக்காலத்தார் மலிவாக வழங்குகின்றனர் என்பது என் கருத்து. எனினும் இவ்விடத்து அச்சொல்லை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இறுதியாட்டத்தில் அவ்வணி போர்ச்சுகலிடம் 2-0 எனத் தோற்றது.

புகழ் வளர்ந்த அந்நாளிலேயே ஒரு பழியும் வந்து சேர்ந்தது. 1988-ஆம் ஆண்டுச் சியோல் ஒலிம்பிக்கில் ஆடிய நைஜீரிய வீரர் மூவரின் பிறந்த நாட்கள், அவர்களே முந்திய இளையோர் போட்டிகளிற் கொடுத்திருந்த நாட்களோடு ஒவ்வாமல் இருந்தன. அது கண்ட அனைத்துலகக் கழகம், இளையோர் போட்டிகள் எவற்றிலும் இரண்டாண்டுக் காலம் நைஜீரியா ஆடலாகாது எனத் தடை விதித்தது. 1991-ஆம் ஆண்டு இருபது வயதிற்குட்பட்டோர் உலகப் போட்டியைத் தன் மண்ணில் நடத்தும் உரிமையையும் அந்நாடு இழந்தது. அப்போட்டி போர்ச்சுகலுக்கு மாற்றப்பெற்றது. மூவர் கணக்கிற் கண்ட பிழைக்குப் பிழையற்ற சிறுவர் பலர் வாய்ப்பிழந்தனர். ஓராண்டு இழந்தால் சிறுவர் அணியில் ஆடும் வாய்ப்பையே என்றைக்கும் இழந்தவராவர் என்பதை மேலே கூறிய விதியினால் உணர்க.

தடை நீங்கியபின் 1993-ஆம் ஆண்டு ஜப்பானில் நைஜீரியச் சிறுவர்கள் களத்தில் இறங்கினர். கனடாவை 8-0 என வென்றனர். அர்ஜென்டினாவை 4-0 என வென்றனர். அப்போட்டியில் ஒரு புதுமை ஆய்ந்து பார்க்கப்பெற்றது. பக்கக்கோட்டைக் கடந்த பந்தைக் கையால் எறிவதற்கு மாறாகக் காலால் உதைத்து உள்ளே அனுப்பினர். அவ்வழக்கம் பின்னர் நிலைபெறவில்லை. தோக்கியோவில் நடந்த இறுதியாட்டத்தில் நைஜீரியாவை எதிர்த்தது, 1991-இல் கோப்பையை வென்ற கானா நாடு. இரண்டும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். காற்பந்தில் நெடுநாட் போட்டியாளர்கள். நைஜீரியா 2-1 என வென்றது. அணித்தலைவர் வில்சன் ஓருமா அப்போட்டியில் மிகுதியான கோல்கள் அடித்தவரானார். அவரோடு ஆடிய நுவாங்கோ கானு, செலஸ்டின் பாபயாரோ ஆகிய இருவரும் மூன்றாண்டு கழித்து அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஓருமாவுடன் சேர்ந்து தங்கப்பதக்கம் பெற்றனர். அரையிறுதியிற் பிரேசிலும் இறுதியில் அர்ஜென்டினாவும் அவ்வணியிடம் தோற்றன. அவ்வாண்டிலேயே கானுவின் நெஞ்சத்துத் தடுக்கிதழில் குறை உண்டென மருத்துவர் கண்டனர். அறுவை மருத்துவம் பெற்று மீண்டும் ஆடிய அவர், இதயக்குறையுள்ள ஆப்பிரிக்கச் சிறுவர்க்கு உதவ 2000-ஆம் ஆண்டில் ஓர் அறநிலையம் நிறுவினார்.

2001-இல் பிரான்சிடம் இறுதியாட்டத்தில் தோற்ற பின்னர், 2007-இல் தென்கொரியாவில் மூன்றாம் வெற்றி கிட்டியது. அவ்வணியின் பயிற்சியாளர் யெமி டெல்லா நுரையீரற் புற்றுநோயால் நலிந்திருந்தார். நோயுடனேயே கொரியா சென்று அணியை நடத்தினார். இறுதியாட்டத்தில் ஸ்பெயினும் நைஜீரியாவும் கோலின்றி நின்றன. பெனால்டி உதைகளில் நைஜீரியச் சிறுவர் 3-0 என வென்றனர். அடுத்த திங்களே டெல்லா உலக வாழ்வை நீத்தார்.

வயதைப் பற்றிய ஐயம் மட்டும் நீங்கியபாடில்லை. நாட்டுப்புறங்களிற் பிறக்கும் குழந்தைகள் பலருக்குப் பிறப்புப் பதிவே இருப்பதில்லை. தாய்மார் மழையையும் அறுவடையையும் கொண்டு மகன் பிறந்த காலத்தை நினைவு கூர்வர். ஆதலால் வயதிற் பிழைபட்டோர் யாவரும் பொய்யர் ஆகார். ஆயினும் அறிந்தே வயதைக் குறைத்தவரும் உளர். இருபது வயதினன் பதினாறென்று சொல்லிக் களத்தில் நின்றால், உண்மையாகவே பதினாறு வயதுடைய ஏழைச் சிறுவன் ஒருவன் வேலிக்கு வெளியே நிற்பான். ஏமாற்றப்படுபவன் எதிரணியான் என எண்ணுவது முழு உண்மை அன்று. முதலில் ஏமாறுபவன் தன் நாட்டுத் தம்பியே.

இதனைத் தீர்க்க அறிவியல் துணைக்கு வந்தது. நம் மணிக்கட்டின் அருகே, முன்கையின் ஆரை எலும்பு முனையில், குருத்தெலும்பாலாகிய வளர்தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அதனால்தான். இளமையில் அது தனியே தோன்றும். வளர்ச்சி முடியுங்கால் எலும்போடு ஒன்றி மறையும். பதினேழு வயதிற்கு முன் அது முற்றிலும் ஒன்றிவிடுதல் மிக அரிது. எக்ஸ்-கதிர் கொண்டு இதனைக் காணலாம். ஆயினும் நோயற்ற சிறுவர் உடலிற் கதிர் பாய்ச்சுதல் முறையன்று. ஆகவே காந்தப்புலத்தால் உள்ளுறுப்பைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. முறையை அனைத்துலகக் கழகம் 2009-ஆம் ஆண்டுப் போட்டியிற் கைக்கொண்டது. அவ்வாண்டு போட்டியை நடத்தியதும் நைஜீரியாவே. ஆய்வின் பின் முன்னமே தேர்ந்திருந்த வீரர் பலரை அந்நாடு நீக்க நேர்ந்தது. அவசரமாக அமைந்த அப்புதிய அணியும் இறுதியாட்டம் வரை வந்தது. தலைநகர் அபுஜாவில், தம் மக்கள் முன்னிலையில், ஸ்விட்சர்லாந்திடம் 1-0 எனத் தோற்றது. தோல்வியாயினும் அதனை அவ்வணியின் வரலாற்றில் ஒரு சிறந்த பக்கமாகவே யான் கருதுவேன்.

அவ்வாய்வு நடைமுறைக்கு வந்த பின்னரே நைஜீரியா இருமுறை தொடர்ந்து வென்றது என்பதையும் மறத்தலாகாது. 2013-இல் ஐக்கிய அரபு நாட்டில் மனு கர்பாவின் பயிற்சியில் ஆடிய அணி, ஏழு ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்தது. முதல் ஆட்டத்தில் மெக்சிகோவை 6-1 என வென்றது. இறுதியாட்டத்தில் அதே மெக்சிகோவை 3-0 என வென்றது. முதல் ஆட்டத்தில் நான்கு கோல்கள் அடித்த கெலச்சி இகெனாச்சோ போட்டியின் தலைசிறந்த வீரராகத் தேர்வுபெற்றார். துணைப் பயிற்சியாளராக உடனிருந்தவர், 1985-இல் கோப்பையை ஏந்திய அதே உக்பாடே.

2015-இல் சிலி நாட்டில் அணியைப் பயிற்றியவர் இமானுவேல் அமுனெகே. அட்லாண்டா ஒலிம்பிக் இறுதியில் வெற்றிக் கோலை அடித்தவர் இவரே. காலிறுதியிற் பிரேசில் 3-0 எனத் தோற்றது. இறுதியாட்டத்தில் மாலி நாடு 2-0 எனத் தோற்றது. அப்போட்டியில் விக்டர் ஒசிமென் என்னும் சிறுவர் பத்துக் கோல்கள் அடித்தார். இவர் லாகோஸ் நகரத்து எளிய குடியிற் பிறந்தவர். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். சாலையில் வண்டிகள் நெருங்கி நிற்குமிடத்தில் ஓடியோடித் தண்ணீர் விற்றுக் குடும்பத்திற்கு உதவியவர். அவர் பின்னர் இத்தாலிய நாப்போலிக் கழகத்திற்காக ஆடி, 2022-23 பருவத்தில் 26 கோல்கள் அடித்து, முப்பத்து மூன்று ஆண்டுகட்குப் பின் அக்கழகம் இத்தாலியப் பட்டம் பெறத் துணைநின்றார். 2023-ஆம் ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரர் எனவும் போற்றப்பெற்றார்.

ஆயினும் சிறுவர் வெற்றி முதியோர் வெற்றியாகக் கனியவில்லை. முதியோர் உலகக் கோப்பையில் நைஜீரியா இதுகாறும் இறுதிப் பதினாறு அணிகளைக் கடந்து சென்றதில்லை. 2022, 2026 ஆகிய போட்டிகளுக்குத் தகுதியே பெறவில்லை. பதினாறு வயதில் உடல் வலிமையால் முந்துவோர், பிறர் வளர்ந்தபின் பின்தங்குதல் உண்டு. உள்நாட்டுக் கழகங்கள் வலிமை குன்றியிருப்பதால் இளைஞர் அயல்நாடு செல்கின்றனர். சென்றவரிற் பலர் ஆடுதற்கு வாய்ப்பின்றி மறக்கப்படுகின்றனர். இவற்றுள் முதற்காரணம் எதுவென அந்நாட்டாரிடையே வழக்கு இன்னும் முடியவில்லை.

சிறுவர் அணியின் நிலையும் மாறியுள்ளது. கோப்பையை வைத்திருந்த நைஜீரியா 2017-ஆம் ஆண்டு நம் இந்திய நாட்டில் நடந்த போட்டிக்குத் தகுதி பெறாமையால் அவ்வணியை நம்மவர் காணக்கூடவில்லை. 2019-இல் நெதர்லாந்திடம் தோற்று இறுதிப் பதினாறிலேயே வெளியேறியது. 2023-இல் உக்பாடேயே தலைமைப் பயிற்சியாளராகி அல்ஜீரியாவில் நடந்த ஆப்பிரிக்கப் போட்டிக்கு அணியை அழைத்துச் சென்றார். காலிறுதியை வென்றிருப்பின் உலகப் போட்டிக்குத் தகுதி கிட்டியிருக்கும். புர்க்கினா ஃபாசோ 2-1 என வென்றது. 2025-லும் தகுதி கிட்டவில்லை. அவ்வாண்டு முதல் இப்போட்டி நாற்பத்தெட்டு அணிகளோடு ஆண்டுதோறும் கத்தார் நாட்டில் நிகழுமாறு மாற்றியமைக்கப்பட்டுள்ளது.