கணினியும் கலர் பென்சிலும் – 6: நம் கடலைக் கேட்டு வாங்குவோம்

மலாக்காவின் தங்கா பத்துப் பிள்ளைகளுக்குக் கடல் புதிதல்ல. பந்தாய் புத்திரி மணலில் விளையாடி வளர்கிறவர்கள் அவர்கள். ஆனால் செயற்கை நுண்ணறிவிடம், "பிள்ளைகள் வண்ணம் தீட்ட ஒரு கடல் படம் கொடு" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சிரிக்கும் டால்பின், கோமாளி மீன், புதையல் பெட்டி என்று எங்கோ ஒரு கார்ட்டூன் கடல்தான் பெரும்பாலும் வரும். மலாக்கா நீரிணை வேண்டுமென்றால் பெயர் சொல்லி, அடையாளம் சொல்லிக் கேட்க வேண்டும்.

அழுங்காமையில் தொடங்கலாம். தங்கா பத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால், மஸ்ஜித் தானா வட்டாரத்துப் பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் இந்த ஆமை அதிகமாக முட்டையிடுவது மலாக்காக் கரையில்தான். உலகில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட இனம் இது. நம் பிள்ளைகள் முதலில் தீட்ட வேண்டிய ஆமையும் இதுதான்.

வெறுமனே "ஆமை" என்றால் குட்டைக் கால்களோடு தரை ஆமை வந்து நிற்கக்கூடும். ஆகவே விவரமாகச் சொல்லுங்கள்: நீண்ட துடுப்புக் கால்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நகங்கள், கூராக வளைந்த அலகு, முதுகில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த தகடுகள், நடு வரிசைக்கு இருபுறமும் நான்கு நான்கு பெரிய தகடுகள். அந்தத் தகடுகள்தான் சின்னக் கை நிறம் நிரப்பத் தோதான கட்டங்கள்.

அடுத்தது பெலங்காஸ் என்னும் குதிரைலாட நண்டு. இணைபிரியாத ஜோடியை மலாய்க்காரர்கள் பெலங்காஸ் என்பார்கள். ஆண், பெண்ணின் முதுகைப் பற்றிக்கொண்டே திரியும். பெயரில் நண்டு இருந்தாலும் இது நண்டல்ல, சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. மென்பொருள் அடிக்கடி தடுமாறுவதும் இதில்தான். சாதாரண நண்டுக்கு வால் ஒட்டித் தந்துவிடும். வார்த்தைகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நீங்களே எடுத்த புகைப்படத்தைக் கொடுத்து, "இதைக் கோட்டுச் சித்திரமாக்கு" என்று கேளுங்கள்.

படம் வந்ததும் விரல் வைத்து எண்ணுங்கள். ஆக்டோபஸுக்கு எட்டுக் கை, நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால். எண்ணிக்கையில் இயந்திரம் சறுக்குவது வாடிக்கை. ஒன்பது கை ஆக்டோபஸை ஒரு வகுப்பே எண்ணிப் பழகிவிட்டால் பிறகு யார் திருத்துவது? இந்த வேலையில் பெரியவர்கள் விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் இது.

அச்சு விஷயம் சுலபம். வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கோடு, நிழல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாம்பல் நிறம் ஒட்டியிருந்தால் போட்டோஸ்டேட் எடுக்கும்போது அழுக்காக விழும். கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் கறுப்பு வெள்ளையாக மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஏ4 தாளில் கோடு பிசிறில்லாமல் விழ 2480 × 3508 புள்ளிகள் வேண்டும். பாலர் பள்ளிக்குத் தடித்த கோடு, மூன்றாம் ஆண்டுக்கு மெல்லிய கோடு. பெயரைப் படத்துக்குள் எழுதச் சொல்லாதீர்கள், தமிழ் எழுத்து பல நேரம் உருக்குலைந்து வரும். வேர்ட்டில் நீங்களே தட்டெழுதிச் சேர்த்துவிடுங்கள்.

பெயருக்குக் கீழே ஒரு செய்தியும் போடலாம்: அழுங்காமை முட்டை பொரிக்கச் சுமார் 60 நாள் ஆகும்; மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம் வரும். அடுத்த வாரம், இந்தத் தாள்களைச் சிறு புத்தகமாகத் தைக்கும் முறை.