ஒரு கையெழுத்துத்தானே!

எமது வீடுகளில் "வேண்டாம்" என்ற சொல்லை எவரும் முதற்தடவையிலேயே நம்புவதில்லை. வந்தவர் தேத்தண்ணி வேண்டாம் என்பார். நாம் விடமாட்டோம். மூன்றாம் முறை கேட்டதும் "சரி, அரைக் கோப்பை தாங்கோ" என்பார். இது எமது உபசார முறை. நீரிழிவுக்காரரின் தட்டில் லட்டை வைத்து அடம்பிடிப்பதைத் தவிர, இதில் பெரிய குறை இல்லை. ஆனால் இதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு பணத்துக்கும் பிணைக்கும் வருபவர்களிடம் என்ன செய்வது?

கிழமைக்கடன் குழுக்களை நீங்கள் அறிவீர்கள். சில பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் அவளுடைய தவணையும் மற்றவர்களின் தலையில்தான். இந்தக் கடன்கள் எவ்வளவு தூரம் போயின என்றால், 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் கட்ட முடியாமல் நிலுவையில் விட்டிருந்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் தீர்மானித்தது. இத்தனை பாரமான கையெழுத்தை எம்மிடம் கேட்பவர் அந்நியர் அல்லர், சொந்தக்காரர்தான். இடமும் கந்தோர் அல்ல, கலியாண வீட்டுப் பந்தி.

ஒரு சாமத்திய வீட்டில் மச்சாள் முறையான ஒருவர் என் பக்கத்தில் வந்தமர்ந்தார். குழுவுக்கு இரண்டு பேர் குறைகிறதாம். என்னோடிருந்த தங்கச்சி முறையானவள் முதலில் மாட்டிக்கொண்டாள். "அவர் விடமாட்டார் அக்கா" என்றாள். "நான் அவரோட கதைக்கிறன்." "அடையாள அட்டை வீட்டில கிடக்கு." "பின்னேரம் வந்து எடுக்கிறன்." கடைசியில் "பார்ப்பம்" என்றாள். மச்சாள் அவளுடைய பெயரை அப்போதே எழுதிக்கொண்டார்.

காரணம் சொன்னால் இப்படித்தான். ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். "பார்ப்பம்" என்பதோ அவர்களுக்கு "ஓம்" என்றே கேட்கும்.

என் முறை வந்தது. "நான் ஒருவருக்கும் பிணை வைக்கிறதில்லை மச்சாள்" என்றேன்.

"ஏன், நாங்கள் வேற ஆக்களே?"

"இல்லை. நான் ஒருவருக்கும் பிணை வைக்கிறதில்லை."

"ஒரு கையெழுத்துத்தானே!" என்று பந்தி முழுவதும் கேட்கச் சொன்னார். நானும் அதே வசனத்தை அதே குரலில் சொன்னேன். மனுவேல் ஸ்மித் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975 இல் வெளியான தமது நூலில் இந்த முறைக்கு உடைந்த இசைத்தட்டு என்ற பெயரைக் கையாள்கிறார். கோபமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், வசனம் மாறாதிருந்தால் போதும். நாலாம் தரத்தோடு மச்சாள் எழும்பிப் போய்விட்டார்.

பிறகு இரண்டு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது எனக்கு நோகத்தான் செய்தது. ஆனாலும் வேறொருத்தியின் தவணைக்கு என் பிள்ளைகளின் சோற்றுக் காசை எடுப்பதைவிட இந்த நோவைத் தாங்கலாம்.

அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது மகளின் ரியூசன் காசு என்று பின்னர்தான் அறிந்தேன். என்னிடம் இருந்த இரண்டாயிரம் ரூபாவைக் கொண்டுபோய், "இது கடன் இல்லை மச்சாள்" என்று கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், தேத்தண்ணியும் தந்தார். குடித்து முடிப்பதற்குள் அந்தக் கையெழுத்துக் கதையை மறுபடி எடுத்தார். நானும் பழைய வசனத்தையே சொன்னேன்.