மற்றப் பாதியும் இல்லாதபோது, தகடு யாருடைய முகத்தைப் பார்த்துச் செய்யப்படுகிறது?

சிதைந்த முக எலும்புக்குப் பதிலாக அளவெடுத்துச் செய்து பதிக்கும் தகடு மே 26 க்குப் பிறகு யாருக்கும் கிடைக்காதாம், உண்மையா? எத்தாளையிலிருந்தும் கற்பிட்டி வீதியோரத்து மற்ற ஊர்களிலிருந்தும் இந்தக் கேள்வியோடு கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் இராணுவத்தில் இருந்தவர்களின் உறவினரும் உண்டு, வன்னியில் ஷெல்லடியில் காயப்பட்டவர்களின் உறவினரும் உண்டு. இப்படிச் சொல்லி வட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு குரல்பதிவு எல்லோரையும் கலக்கியிருக்கிறது.

கலங்க வேண்டாம். 2026 மே 26 என்பது ஐரோப்பிய ஒன்றியம் வைத்த கெடு. ஒரு நோயாளிக்கென்றே செய்து உடலுக்குள் பதிக்கும் சாதனங்களில், மிக உயர்ந்த ஆபத்து வகுப்பில் இருப்பவற்றுக்கு உற்பத்தியாளர்கள் அதற்குள் தரச்சான்று பெற வேண்டும் என்று 2023 இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. மூளையுறையைத் தொடும் மண்டையோட்டுத் தகடு அந்த வகுப்பில் வரும். தாடைத் தகடு பொதுவாக ஒரு படி கீழே. இந்தக் கெடுவுக்காக இலங்கை நோயாளி எவரும் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை.

ஆனால் ‘ஒருவருக்கென்றே செய்தது’ என்பதற்கு வெளிநாட்டுச் சட்டங்கள் தரும் வரைவிலக்கணத்தைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. ஐரோப்பாவில், குறிப்பிட்ட ஒருவருக்காக வைத்தியர் வடிவ விபரங்களை எழுதிக் கொடுத்து, அதன்படி செய்யப்பட வேண்டும்; அந்த விபரங்களுக்கான பொறுப்பும் எழுதிக் கொடுத்தவருடையது. அமெரிக்காவில், இப்படிச் செய்யும் சாதனத்துக்கு வழக்கமான அனுமதியிலிருந்து தரப்படும் விலக்கு ஒரு வகைச் சாதனத்துக்கு ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் கிடையாது. ஆகவே, ‘உங்கள் முகத்துக்கென்றே செய்தது’ என்று அங்கே விற்கப்படுவதில் பெரும்பகுதி, ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு வடிவ எல்லைக்குள் நீள அகலம் மாற்றப்பட்ட தகடுதான். அதில் மோசம் ஒன்றுமில்லை. உலோகமும் கிருமிநீக்கமும் பரிசோதிக்கப்பட்டிருக்கும். வந்து சேரும் முகம் அந்த ஆளுடையதுதானா என்ற கேள்வி மட்டும் எந்தச் சான்றிதழிலும் இல்லை. அந்தக் கேள்விதான் என்னை வருத்துகிறது.

தகட்டின் வடிவம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சி.டி. ஸ்கேனிலிருந்து மண்டையோட்டின் முப்பரிமாண உருவம் கணினியில் எழுகிறது. நெற்றி நடுவிலிருந்து நாடி வரை அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சிதையாத பாதியைப் பிரதி எடுத்து, இடம் வலமாகத் திருப்பி, சிதைந்த பாதியின் மேல் பொருத்துகிறார்கள். எலும்பு இருக்க வேண்டிய இடத்துக்கும் இப்போது எஞ்சியிருப்பதற்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் தகட்டின் வடிவம். பிறகு டைட்டானியத் தூளை லேசர் கதிர் உருக்கி, ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு தடிப்புள்ள அடுக்குகளாக அடுக்கிக்கொண்டே போகும். அவருடைய முகத்தையே அவருக்கு அச்சாக வைக்கும் இந்த யோசனையின் எளிமை என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

அது தரும் துல்லியமும் சாதாரணமானதல்ல. கண்குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். அது ஒரு மில்லிலீற்றர் கூடினாலே கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் உள்ளே போகும். இரண்டு மில்லிமீற்றர் போனால் எதிரே நிற்பவர் கவனித்துவிடுவார். சத்திரசிகிச்சை மேசையில் கையால் வளைக்கும் தகட்டில் இந்த அளவைப் பிடிப்பது மிகக் கடினம்.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு கன்ன எலும்பு நொறுங்கியவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். யுத்தம் அப்படி ஒரு பக்கம் பார்த்து அடிப்பதில்லை. நிலக்கண்ணியும் ஷெல்லும் இரண்டு பக்கத்தையும் கொண்டுபோகும். திருப்பி வைக்க மற்றப் பாதி இருக்காது. முகத்தில் தங்கிய உலோகத் துண்டுகள் ஸ்கேனில் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறி, பக்கத்து எலும்பை மறைத்துவிடும். கண்குழியின் அடித்தளம் போன்ற மெல்லிய எலும்புகள், உடையாமல் இருந்தாலும், ஓட்டையாகவே தெரியும். காலமும் சிக்கல்: காயம் சுருங்கி, தசை இழுபட்டு, எலும்பின் ஓரங்கள் கரைந்த பிறகு, ஸ்கேன் எடுத்த அன்றைய அளவுக்குச் செய்த தகடு பொருந்தாமல் போகலாம்.

மற்றப் பாதி இல்லாதபோது என்ன செய்கிறார்கள்? பல நூறு பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துக் கணித்த ஒரு சராசரி மண்டையோட்டை எடுத்து, எஞ்சியிருக்கும் எலும்புக்கு இசைவாக அதை இழுத்தும் சுருக்கியும் பொருத்துகிறார்கள். உயிர் பிழைத்தவருக்கு மெல்லவும் பேசவும் தாடை வேண்டும். அதற்கு இந்த வழி உதவுகிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பல நூறு பேர் யார்? எந்த நாட்டு வைத்தியசாலையின் ஸ்கேன்கள்? கற்பிட்டிக் கடற்கரையிலோ மன்னாரிலோ பிறந்தவரின் கன்னமும் நாடியும் அதில் உண்டா? விற்பனைக் கையேடுகள் இதைச் சொல்வது அரிது.

முகத்தைத் திருத்தும் இந்தத் தொழிலின் பழைய வரலாற்றை நம் பக்கத்து மண்ணிலேயே பார்க்கலாம். 1790 முதல் 1792 வரை நடந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜி, திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் வைத்து வடிவம் பிடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு போட்டு, அந்த அளவுக்கு நெற்றித் தோலை எடுத்துத் திருப்பினார். 1794 ஒக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மகசின் இதை அச்சிட்டது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ 1814 இல் லண்டனில் அதே சத்திரசிகிச்சையைச் செய்தார். மெழுகு கவாஸ்ஜியின் முகத்திலேயே இருந்தது. பிடிக்காவிட்டால் அங்கேயே சொல்லியிருக்கலாம். இன்று வடிவம் முடிவாவது வைத்தியரும் வேறு நாட்டுப் பொறியியலாளரும் திரையில் பேசும் கூட்டத்தில். நோயாளிக்கு அங்கே நாற்காலி இருப்பதில்லை. போட வேண்டும் என்று கேளுங்கள், காயத்துக்கு முந்தைய முகம் தெரியும் பழைய படங்களோடு போங்கள். 1990 இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளம் வந்த குடும்பங்களும் 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியவர்களும் அல்பங்களைச் சுமந்து வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கலியாண வீட்டுப் படத்தில் ஓரமாக நிற்கும் முகமும் உதவும், உறவினரிடம் விசாரியுங்கள்.

இது பழைய யுத்தத்தோடு முடிந்த கதையும் அல்ல. ரஷ்யப் படையில் 554 இலங்கையர் சேர்க்கப்பட்டதாகவும் 59 பேர் கொல்லப்பட்டதாகவும் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் 2025 தொடக்கத்தில் பாராளுமன்றத்தில் கூறினார். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே முகம் சிதைந்தவர்கள் எத்தனை பேர், ஊர் திரும்பினால் யார் பொறுப்பு என்பதையும் அரசு சொல்ல வேண்டும்.

மற்றக் கேள்விகள்:

அரச வைத்தியசாலையில் இலவசமா? சத்திரசிகிச்சை இலவசம், தகட்டை வெளியே வாங்கச் சொல்வார்களா என்று முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள்.

தகடு இங்கே பதிவு செய்யப்பட்டதா? 2015 ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைதான் பொறுப்பு; 2023 இன் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரத்துக்குப் பிறகு வாய்வார்த்தையை நம்பாமல் பதிவு இலக்கத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

படைவீரர் அல்லாதவருக்கு உதவி? ரணவிரு சேவா அதிகாரசபை படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமானது. மற்றவர்கள் 2018 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகத்தில் கேட்கலாம்.

தகடு இல்லாமல் தாடை வைக்க முடியாதா? முடியும், காலின் பக்க எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து வைக்கிறார்கள், கிருமி ஏறிய காயத்துக்கு அதுவே பெரும்பாலும் நல்லது.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? டைட்டானியம் தடையல்ல, உடம்பில் இருக்கும் ஷெல் துண்டு ஆபத்தாகலாம், கட்டாயம் சொல்லுங்கள்.

பழைய ஸ்கேன் பிலிம் போதுமா? போதாது. ஸ்கேன் பதிந்த இறுவட்டைக் கேட்டு வாங்கி, கொழும்புக்கோ கண்டிக்கோ போகும்போது கையில் கொண்டுபோங்கள்.